முகமூடிக்குக் கீழே தெரியும் தாடை: நோ நாடக மரக்கட்டை அச்சுகளைப் பார்க்கப் பழகுவது எப்படி?

தாளில் முக்கால் பங்கு வெறுமை. ஓரமாக ஒரு பெண் உருவம் நிற்கிறது. வெளிறிய முகமூடி, தோளில் இலையோடு சாய்த்த ஒரு மூங்கில் கிளை. பின்னால் மலையும் இல்லை, வீடும் இல்லை. மூலையில் நமக்குப் படிக்கத் தெரியாத நாலைந்து எழுத்துகள். ஜப்பானின் நோ நாடகத்தைச் சித்திரிக்கும் மரக்கட்டை அச்சை முதல்முறை காண்பவர் "அழகாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார். நானும் அப்படித்தான் போனேன். சில மாதங்கள் கழித்து அந்த நாடகத்தின் கதையைப் படிக்க நேர்ந்தது. அந்தப் பெண் பிள்ளையைப் பறிகொடுத்த தாய். மூங்கில் கிளை அவள் சித்தம் கலங்கியிருப்பதற்கு அடையாளம். மறுபடி அதே படத்தைத் திறந்தபோது என்னால் அடுத்த படத்துக்குப் போக முடியவில்லை.

ஆகவே புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்: ஓவியரைப் பற்றிப் படிப்பதற்கும் விலையை விசாரிப்பதற்கும் முன்னால், நாடகத்தின் கதையைப் படியுங்கள். ஒரு முறை கதை தெரியாமல் பாருங்கள், ஒரு முறை தெரிந்து பாருங்கள். மற்றதெல்லாம் அதன் பிறகு.

முதலில், எதைத் தேடுவது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நோ நாடகம் 14-ஆம் நூற்றாண்டில் கான்ஆமி, அவர் மகன் ஸெயாமி ஆகியோர் கையில் உருப்பெற்றது. எடோ காலத்தில், அதாவது 17-ஆம் நூற்றாண்டிலிருந்து 1868 வரை, அது சாமுராய் வர்க்கத்தின் ஆதரவில் வாழ்ந்த கலை. நகரத்துச் சாதாரண மக்களின் நாடகக் கலை கபுகி. அதே நகரத்து மக்கள்தான் 'உகியோ-எ' என்ற மரக்கட்டை அச்சுகளை வாங்கினார்கள். அதனால் எடோ கால அச்சுகளில் கபுகி நடிகர்கள் ஆயிரக்கணக்கில் கிடைப்பார்கள். நோ அரிதாகவே கிடைக்கும்.

1868-இல் ஆட்சி மாறியதும் நோ கலைஞர்கள் புரவலர்களை இழந்தார்கள். பலர் மேடையை விட்டே விலகினார்கள். உமேவாகா மினோரு போன்ற சிலர் விடாமல் ஆடினார்கள். அரசியல் தலைவரான இவாகுரா தொமொமி போன்றவர்கள் கைகொடுத்தார்கள். 1879-இல் அமெரிக்க முன்னாள் அதிபர் கிரான்ட் ஜப்பானுக்கு வந்தபோது இவாகுராவின் வீட்டில் அவருக்கு நோ நடித்துக் காட்டப்பட்டது. 1881-இல் டோக்கியோவின் ஷிபா பூங்காவில் புதிய நோ அரங்கம் எழுந்தது. இப்படி மீண்டுவந்த காலத்தில்தான் நோ அச்சுகளுக்கும் காலம் பிறந்தது.

நீங்கள் தேட வேண்டிய பெயர் சுகியோகா கோக்யோ (1869–1927). அவர் தாய், புகழ்பெற்ற அச்சோவியர் யோஷிதோஷியை மணந்ததால் அந்த வீட்டுப் பிள்ளையாகவே ஓவியம் கற்றவர். யோஷிதோஷிக்கு நோ நாடகப் பாட்டில் ஈடுபாடு இருந்தது. பின்னர் ஒகாதா கெக்கோவிடம் பயின்றார் கோக்யோ. கெக்கோ, தூரிகையின் ஈரமும் வறட்சியும் மரக்கட்டை அச்சில் தெரிய வேண்டும் என்று பாடுபட்டவர். அந்த இரண்டு வீட்டுச் சொத்தும் கோக்யோவிடம் சேர்ந்தது. அவர் பெயரின் முதல் எழுத்துக்கு உழுதல் என்றும் இரண்டாவது எழுத்துக்கு மீன்பிடித்தல் என்றும் பொருள். எனக்கு மிகவும் பிடித்த புனைபெயர் அது.

அவருடைய மூன்று பெரிய வரிசைகளை நினைவில் வையுங்கள். 'நோகாகு ஸுஎ', 1897 முதல் 1902 வரை, 261 படங்கள். 'நோகாகு ஹ்யாகுபான்', 1922 முதல் 1926 வரை, 120 படங்கள். தலைப்புக்கு 'நூறு நோ நாடகங்கள்' என்று பொருள். 'நோகா தைகான்', 1925-இல் தொடங்கி அவர் மறைவுக்குப் பின்னும் நீண்டு 1930-இல் முடிந்தது, 200 படங்கள். முதல் இரண்டையும் வெளியிட்டவர் டோக்கியோவின் மட்சுகி ஹெய்கிச்சி. தொடக்கத்தில் முதல் இரண்டும் போதும். அவற்றைப் பிரித்தறிவதும் எளிது: படுக்கைவாட்டில் இருந்தால் பெரும்பாலும் முதல் வரிசை, நெட்டுவாட்டில் இருந்தால் இரண்டாவது.

கோக்யோ தவிர, கவானாபே க்யோசாய் (1831–1889) பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் நோ நாடகங்களுக்கு இடையே ஆடப்படும் நகைச்சுவைக் கூத்தான க்யோகெனை முறையாகக் கற்றவர். கோக்யோவின் மகள் கியோகுசேயும் மாணவர் மட்சுனோ சோஃபூவும் அவருக்குப் பின் அதே வழியில் வரைந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. இணையத்தில் 'நோ அச்சு' என்று கபுகி அச்சைக் காட்டிவிடுவார்கள். கபுகி பல நோ கதைகளை எடுத்துக்கொண்டிருப்பதால் தலைப்பை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. முகத்தைப் பாருங்கள். வண்ணம் தீட்டிய முகமும் உருட்டிய விழியும் இருந்தால் அது கபுகி. முகத்தில் மரமுகமூடி இருந்தாலும், முகமூடியே இல்லாமல் எந்த உணர்ச்சியும் காட்டாத வெறும் முகம் இருந்தாலும் அது நோ. நோவில் முகமூடி அணியாத நடிகர்கூடத் தன் முகத்தை முகமூடி போல அசைவின்றி வைத்திருப்பார்.

ஐந்து கதைகளைப் படியுங்கள்

இன்று ஆடப்படும் நோ நாடகங்கள் சுமார் 240. எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். கீழே உள்ள ஐந்தும் தெரிந்தால் வாசல் திறந்துவிடும்.

'சுமிதாகாவா'. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன தாயின் கதை. ஆள் கடத்துபவன் கொண்டுபோன தன் மகனைத் தேடி, கியோட்டோவிலிருந்து கிழக்கே சுமிதா ஆற்றங்கரைக்கு வருகிறாள். ஓடக்காரர் ஆற்றைக் கடக்கும்போது அக்கரையில் கேட்கும் பிரார்த்தனை ஒலியைப் பற்றிச் சொல்கிறார்: சரியாக ஓராண்டுக்கு முன் ஒரு சிறுவன் அங்கே இறந்தான். அவர் சொல்லச் சொல்ல, அது தன் பிள்ளை என்று அவளுக்குப் புரிகிறது. புதைமேட்டின் முன்னே அவள் வேண்டும்போது உள்ளிருந்து சிறுவனின் குரல் கேட்கிறது, உருவமும் தோன்றுகிறது. அணைக்கப் போகிறாள், கைக்கு அகப்படவில்லை. விடிகிறது. மேட்டில் புல் மட்டும் நிற்கிறது. இதை எழுதியவர் ஸெயாமியின் மகன் மோதோமாசா. சிறுவனை மேடையில் காட்டாமலே ஆடலாம் என்றார் தந்தை. அப்படி ஆடத் தன்னால் இயலாது என்றார் மகன். இந்த உரையாடல் பழைய குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. இந்த நாடகத்தின் அச்சு எது கிடைத்தாலும், ஓவியர் சிறுவனைக் காட்டியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அந்தப் பழைய விவாதத்தில் அவர் யார் பக்கம் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

'ஆஒய் நோ உஎ'. ஆஒய் சீமாட்டி நோயுற்றுப் படுத்திருக்கிறாள். ஆனால் நாடகம் முழுதும் அவள் வேடத்தில் யாரும் வருவதில்லை. மேடையின் முன்விளிம்பில் மடித்து விரித்த ஓர் அங்கிதான் ஆஒய். அவள் கணவன் கென்ஜியால் கைவிடப்பட்ட ரொகுஜோ சீமாட்டியின் உயிர்த்தவிப்பு, உடலை விட்டுப் பிரிந்து வந்து அந்த அங்கியைத் தாக்குகிறது. பின்பாதியில் கொம்பு முளைத்த முகத்தோடு திரும்பி வந்து, துறவி ஒருவரின் மந்திரத்தோடு போராடி, இறுதியில் அடங்குகிறது. கீழே கிடக்கும் அங்கியை வெறும் துணி என்று நினைத்துக் கடந்துவிட்டால் படத்தில் பாதி போய்விடும்.

'ஹாகோரோமோ' இதமானது. மிஹோ கடற்கரையின் பைன் மரத்தில் தொங்கும் இறகாடையை மீனவர் ஹாகுர்யோ எடுத்துவிடுகிறார். வானமங்கை அதைக் கேட்டு அழுகிறாள். நடனம் ஆடிக் காட்டினால் தருகிறேன் என்கிறார். ஆடை இல்லாமல் ஆட முடியாது என்கிறாள். கொடுத்தால் ஆடாமலே போய்விடுவாயே என்று அவர் சந்தேகப்பட, சந்தேகம் மனிதருக்கு உரியது, வானுலகில் பொய் இல்லை என்கிறாள். வெட்கிப்போய்க் கொடுத்துவிடுகிறார். அவள் ஆடியபடியே வானில் மறைகிறாள். தலையில் மகுடம் சூடிய பெண் உருவம் கைகளை விரித்து நிற்கும் அச்சைக் கண்டால் முதலில் இந்தக் கதையை நினையுங்கள்.

'தோஜோஜி' என்றதும் நினைவுக்கு வருவது மணி. கோயிலுக்குப் புதிய மணி ஏற்றும் நாளில் ஒரு நாட்டியப் பெண் வருகிறாள். ஆடிக்கொண்டே மணியின் அடியில் பாய்கிறாள். மணி விழுந்து அவளை மூடுகிறது. மீண்டும் தூக்கும்போது உள்ளே இருப்பது பாம்பாக மாறிய பெண். மேடையில் உண்மையாகவே கனத்த மணி கூரையிலிருந்து தொங்கும். நடிகர் அது விழும் கணத்தில் உள்ளே குதித்து, இருட்டில் தனியாக முகமூடியையும் உடையையும் மாற்றிக்கொள்வார். கணம் தப்பினால் காயம்தான்.

'ஃபுனா பென்கெய்' புதியவரைக் குழப்பும் நாடகம். கடலில் தப்பிச் செல்லும் தளபதி யோஷிட்சுனேயை, அவரால் தோற்கடிக்கப்பட்ட தொமொமொரியின் ஆவி நீண்ட கைப்பிடி வாளோடு தாக்குகிறது. படத்திலோ படகில் அமர்ந்திருக்கும் தளபதி ஒரு சிறுவன்! அது பிழையில்லை. முதன்மை நடிகரின் மீதே பார்வை நிலைக்க வேண்டும் என்பதற்காக நோவில் இத்தகைய உயர்ந்த பாத்திரங்களைச் சிறுவர்களுக்குக் கொடுப்பது உண்டு. கோக்யோ கதையில் வரும் தளபதியை வரையவில்லை; மேடையில் அமர்ந்த சிறுவனை வரைந்தார்.

மேடையைப் படத்துக்குள் கண்டுபிடியுங்கள்

அந்தச் சிறுவனிலிருந்தே அடுத்த படிக்குப் போகலாம். கோக்யோவின் அச்சுகளில் பெரும்பாலும் நாம் காண்பது கதை நடந்த இடத்தை அல்ல, கதையை ஆடும் இடத்தை. அதனால் அந்த மேடையின் அமைப்பு மனத்தில் இருக்க வேண்டும்.

ஏறத்தாழ ஆறு மீட்டர் சதுரமான, சைப்ரஸ் மரப்பலகை பாவிய தளம். நான்கு தூண்கள், மேலே கோயில் போன்ற கூரை. பின்சுவரில் ஒரே ஒரு பெரிய பைன் மரம் தீட்டப்பட்டிருக்கும். எந்த நாடகமானாலும் அதே மரம்தான். பார்வையாளருக்கு இடப்பக்கம் ஒரு நீண்ட நடைபாலம், ஹாஷிகாகாரி. அதன் முன்னே மூன்று சிறு பைன் மரங்கள், அதன் கோடியில் ஐந்து நிறத் திரை. ஆவிகளும் தெய்வங்களும் அந்தப் பாலம் வழியாகத்தான் வருவார்கள். படத்தில் பைன் கிளையும் கைப்பிடிக் கம்பும் தெரிந்தால், அந்தப் பாத்திரம் இன்னும் நம் உலகத்துக்குள் முழுதாக வந்துசேரவில்லை, வந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நோவின் படகு, குடில், கிணறு எல்லாம் மூங்கில் சட்டத்தில் வெள்ளைத் துணி சுற்றிய வெறும் கோட்டுருவங்கள். கடலில் போகும் படகின் விளிம்பு மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரிந்தால், ஓவியர் சோம்பிவிட்டார் என்று எண்ண வேண்டாம். மேடையில் இருந்தது அவ்வளவுதான்.

முதன்மை நடிகருக்கு 'ஷிதே' என்று பெயர். முகமூடி அணிபவர் பெரும்பாலும் அவரே. அவரை எதிர்கொண்டு கேள்வி கேட்கும் துறவியோ வழிப்போக்கரோ 'வாகி'. அவர் முகமூடி அணிவதில்லை. கறுப்பு உடையில் பின்னால் அமர்ந்திருப்பவர் மேடை உதவியாளர், 'கோகென்'. குழல், இரு கைமத்தளங்கள், சில நாடகங்களில் ஒரு தட்டு முரசு. பக்கவாட்டில் எட்டுப் பேர் கொண்ட பாடற்குழு. இவர்களில் எவரையும் காணோமே என்று தேடாதீர்கள். கோக்யோ பல படங்களில் எல்லோரையும் நீக்கிவிட்டு ஷிதேயை மட்டும் வைத்திருக்கிறார். அந்த வெறுமை முழுதும் பலகைத் தளம், மேளத்தின் ஒலி, காத்திருக்கும் அரங்கம்.

முகமூடி

இங்கே நிதானமாக இருங்கள். நோ முகமூடி சைப்ரஸ் மரத்தில் செதுக்கி வண்ணம் பூசியது. சற்றே தலை நிமிர்த்தினால் முகம் ஒளிர்வது போலவும் குனிந்தால் நிழல் படர்ந்து துயருறுவது போலவும் தோன்றும்படி செதுக்கியிருப்பார்கள். அச்சில் முகம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். உணர்ச்சி முழுவதும் அந்தச் சாய்வில்தான் இருக்கிறது.

இளம்பெண் முகமூடிகளில் புருவம் இயல்பான இடத்தில் இருக்காது. மழித்துவிட்டு நெற்றியின் மேலே மைத் தீற்றலாக வைத்திருப்பார்கள். பற்கள் கறுத்திருக்கும். இரண்டுமே பழைய அரசவைப் பெண்களின் ஒப்பனை. நடுவயதுத் தாயின் முகம் கன்னம் லேசாக உள்வாங்கி, கண்கள் தாழ்ந்திருக்கும். கண்ணில் பொன் தெரிந்தால் அவர் மனித நிலையைக் கடந்தவர்: ஆவியோ, தெய்வமோ, பேயோ. ரொகுஜோவின் முன்பாதி முகமூடியில் கொம்பு இல்லை, கோபம்கூட வெளிப்படையாக இல்லை. கண்ணில் பொன்வரி மட்டும். வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும் வரி அது.

கொம்பும் கோரைப்பல்லும் கொண்ட ஹான்ன்யா முகமூடியைப் பலரும் வெறும் அரக்கன் என்று நினைக்கிறார்கள். அது பெண்முகம். பொறாமையும் காயமும் உருமாற்றிய பெண். கீழ்ப்பாதியை மறைத்துவிட்டுப் புருவத்தையும் கண்ணையும் மட்டும் பாருங்கள்: அழுகை தெரியும். மேல்பாதியை மறைத்துப் பாருங்கள்: சீற்றம் தெரியும். நிறத்தையும் கவனியுங்கள். உயர்குடியில் பிறந்த ரொகுஜோவுக்கு வெண்மை சார்ந்தது, தோஜோஜியின் பாம்புப் பெண்ணுக்குச் சிவப்பு சார்ந்தது.

இனி, இந்தக் கட்டுரையின் தலைப்பில் உள்ள விஷயம். நோ முகமூடி மனித முகத்தைவிடச் சிறியது. அணியும்போது நடிகரின் தாடை அதன் கீழே வெளியே தெரியும். அழகுக்காக அதை மறைத்து வரைவது ஓவியருக்கு எளிது. கோக்யோ பல படங்களில் மறைக்கவில்லை. வெளிறிய இளம்பெண் முகத்தின் விளிம்புக்குக் கீழே, வேறு நிறத்தில், நடுவயது ஆணின் தாடை ஒரு விரற்கடை அளவு தெரிகிறது. முதலில் அது எனக்கு உறுத்தியது. இப்போது எந்த அச்சைத் திறந்தாலும் கண் அங்கேதான் போகிறது. ஓர் ஆண், தன் உடலைக் கடனாகக் கொடுத்து, இறந்துபோன ஒரு பெண்ணை நம் முன்னே நிறுத்துகிறார். அந்த இணைப்பின் தையல் தெரியும் இடம் அந்த விளிம்பு. படத்தைப் பெரிதாக்கி அதைத் தேடுங்கள்.

ஆடை, கை, கால்

பெண் பாத்திரத்தின் ஆடையில் சிவப்பு இருந்தால் இளமை. இல்லாவிட்டால் நடுவயதோ முதுமையோ. இது ஓவியரின் விருப்பமல்ல, நோவின் விதி. முகமூடியில் வயது பிடிபடாவிட்டால் ஆடையைப் பாருங்கள். முக்கோணங்களை அடுக்கிய வடிவம் தெரிந்தால் அது செதில்: பாம்பாகவோ பேயாகவோ மாறியவள். தோஜோஜியில் முதல்பாதியிலேயே மேலாடைக்கு உள்ளிருந்து அந்த முக்கோணம் எட்டிப் பார்க்கும் படங்கள் உண்டு.

கண்ணுக்கு முன்னே, முகத்தைத் தொடாமல், சரிந்த உள்ளங்கை: அழுகை. கையில் விசிறி பல பொருள்களாக மாறும். வாளாகும், கிண்ணமாகும், தட்டும் கதவாகும். பாதங்களில் வெள்ளைத் துணிக் காலுறை. குதிகால் தரையை விட்டு எழாமல் வழுக்கியபடி நடப்பதுதான் நோவின் நடை. ஆகவே படத்தில் பாதம் தூக்கியிருந்தால் அங்கே ஏதோ பெரிதாக நடக்கிறது என்று பொருள்.

ஓரத்து எழுத்துகள்

ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதில்லை. நாடகத்தின் பெயர் ஒரு சிறு பட்டைக்குள் இருக்கும். ஓவியரின் கையொப்பமும் முத்திரையும் படத்தின் ஓரத்தில் இருக்கும். முதல் வரிசை அச்சுகளில் விளிம்பில் வெளியீட்டாளர் பெயரும் நாளும் பொடி எழுத்தில் இருக்கும். ஆண்டு மெய்ஜி பேரரசரின் ஆட்சிக் கணக்கில் இருந்தால் 1867-ஐக் கூட்டுங்கள். அடுத்து வந்த தைஷோ பேரரசரின் கணக்கில் இருந்தால் 1911-ஐ. மெய்ஜி 31 என்றால் 1898. பல அச்சுகள் ஆல்பமாகக் கட்டப்பட்டவை என்பதால் விளிம்பு வெட்டுப்பட்டு இந்த வரி போயிருக்கலாம். அதனால் மட்டும் அச்சு போலியாகிவிடாது.

பெயரைப் படிக்க முடியாவிட்டால், உகியோ-எ அச்சுகளுக்கென்றே இயங்கும் தேடல் தளத்தில் படத்தை ஏற்றிப் பாருங்கள். உலகின் பல அருங்காட்சியகங்களில் உள்ள அதே அச்சின் பிரதிகளைக் காட்டிவிடும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 'நோகாகு ஸுஎ' வரிசையை இணையத்தில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. ஒரு மாதம் அங்கேயே உலவினாலும் தீராது.

தாளையும் அச்சையும் பார்ப்பது

நேரில் ஓர் அச்சைக் கையில் வாங்கும் வாய்ப்பு கிடைத்தால், மேலிருந்து பார்க்காதீர்கள். தாளைக் கிடையாகப் பிடித்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மெல்லச் சாயுங்கள். மை இல்லாமல் அழுத்தி எடுத்த புடைப்புக் கோடுகள் வெள்ளை ஆடையில் அப்போதுதான் எழும். உலோகப் பொடி கலந்த இடங்கள் ஒரு கணம் மின்னி அடங்கும். நோ ஆடையின் பொன்சரிகையை அச்சில் கொண்டுவர அவர்கள் கண்ட வழி அது. கணினித் திரையில் அந்த இடங்கள் மங்கிய பழுப்பாகவே தெரியும். படத்தை மட்டும் பார்த்தவர்கள் இழப்பது அதைத்தான்.

பிறகு திருப்பிப் பாருங்கள். காட்டுச் செர்ரி மரத்தில் செதுக்கிய கட்டையில் வண்ணம் தடவி, கோஸோ என்ற செடியின் நாரில் செய்த தாளை அதன்மேல் கவிழ்த்து, மூங்கில் உறை சுற்றிய 'பாரென்' என்ற வட்டத் தேய்ப்பானால் முதுகில் அழுத்தித் தேய்ப்பார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டை. தாள் நகராமல் பொருந்த கட்டையின் மூலையில் ஒரு வெட்டு, விளிம்பில் ஒரு வெட்டு. வண்ணம் தாளின் முதுகுவரை ஊறியிருக்கும், தேய்ப்பானின் சுழித் தடங்களும் தெரியும். பின்பக்கம் சுத்த வெள்ளையாக, முன்பக்கம் பூதக்கண்ணாடியில் பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது இயந்திரத்தில் அச்சடித்த நகல்.

ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர் மூவரும் வேறு வேறு ஆட்கள். கோக்யோவின் தூரிகை காய்ந்து பிசிறிய கோட்டை, செதுக்குபவர் பிசிறு பிசிறாக மரத்தில் வெட்டியிருக்கிறார். நோ மேடையில் நடிகரின் அசைவுக்குப் பின்னே மத்தளக்காரர்கள் இருப்பதுபோல, இந்தக் கோட்டுக்குப் பின்னேயும் பெயர் தெரியாத கைகள் இருக்கின்றன.

வாங்குவதாக இருந்தால்

வாங்கும்முன் முன்பக்கம், பின்பக்கம், நான்கு விளிம்புகள் மூன்றுக்கும் தனித்தனிப் படம் கேளுங்கள். அந்துப் பூச்சித் துளை, மடிப்பு, கறை இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே அச்சின் இரண்டு பிரதிகளில் வண்ணம் வேறுபடுவது இயல்பு. புகழ்பெற்ற நாடகம் என்று விலை கூடிய அச்சைவிட, கதை உங்களைத் தொட்ட நாடகத்தின் எளிய அச்சு ஒன்றை வாங்குவதே நல்லது.

வாங்கியபின் செய்யக்கூடாததை என் இழப்பிலிருந்து சொல்கிறேன். நான் முதலில் வாங்கிய அச்சைச் சட்டம் போடும் கடையில் கொடுத்தேன். அவர்கள் அதை அட்டையில் முழுதும் பசை தடவி ஒட்டி, கண்ணாடியோடு நெருக்கிவிட்டார்கள். ஒரு மழைக்காலத்தில் தாள் அலையலையாக எழுந்தது. சிவப்பு பக்கத்துச் சாம்பலுக்குள் ஊறிவிட்டது. அதை மீட்க முடியவில்லை. செலோடேப், ரப்பர் பசை, லேமினேஷன் மூன்றையும் அருகே விடாதீர்கள். மேல்விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும், ஜப்பானியத் தாளின் சிறு துண்டைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிட வேண்டும். அமிலமற்ற அட்டை, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி, வெயில் படாத சுவர். கடலோர ஊரில் இருப்பவர்கள் சுவரில் மாட்டாமல் அமிலமற்ற உறைக்குள் வைத்து, எடுத்து எடுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது.

டோக்கியோவுக்குப் போகிறவர்கள் செந்தாகாயாவில் உள்ள தேசிய நோ அரங்கில் ஒரு மாலை கழியுங்கள். 1983-இல் திறந்தது. இருக்கையின் முதுகில் உரைவரி காட்டும் சிறு திரை உண்டு.

ஒரு பயிற்சி: தெரிந்த கதை

இத்தனையும் படித்தபின், ஒரு நாடகத்தை நீங்களே தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்துப் பழகுங்கள். நான் பரிந்துரைப்பது 'இக்காகு சென்னின்'. பெயருக்கு 'ஒற்றைக் கொம்பு முனிவர்' என்று பொருள். எழுதியவர் கொம்பாரு ஸென்போ. கதை நடப்பது காசி நாட்டில்.

நெற்றியில் ஒரு கொம்போடு பிறந்த முனிவர், மழை தரும் நாக தெய்வங்களைக் குகைக்குள் அடைத்துவிடுகிறார். நாட்டில் மழை இல்லை. அரசன் ஓர் அழகியை அனுப்புகிறான். வழிதவறி வந்தவள்போல அவள் முனிவரின் குடிலுக்கு வந்து, மது ஊட்டி, ஆடுகிறாள். அவரும் எழுந்து அவளோடு ஆடுகிறார். தவம் கலைகிறது. பாறை பிளக்கிறது. நாகங்கள் வெளிவருகின்றன, மழை பொழிகிறது.

தமிழ் வாசகருக்கு இது எங்கோ கேட்ட கதை. கம்பன் சொல்லும் கலைக்கோட்டு முனிவரேதான். கலைமானின் கோடு, அதாவது கொம்பு, தாங்கியவர். வறட்சியில் வாடிய உரோமபதனின் அங்க நாட்டுக்கு மங்கையர் அழைத்துவர, மழையோடு வந்தவர். தசரதனுக்கு வேள்வி நடத்தித் தந்தவர். அதே ரிஷ்யசிருங்கர் கதை பௌத்த நூல்கள் வழியாகச் சீனம் போய், ஜப்பானுக்கு வந்து, நோ மேடை ஏறியிருக்கிறது. கம்பனிடம் முனிவர் வேள்விக்கு முதல்வராகிறார். நோவில் அவர் தோற்றுப்போய்க் களைத்து விழுகிறார்.

இந்தப் பெயரைத் தட்டச்சிட்டு அச்சுகளைத் தேடுங்கள். கிடைத்த படத்தில் முதலில் பாறை எங்கே இருக்கிறது, பிளந்துவிட்டதா என்று பாருங்கள். கதையின் எந்தக் கணம் என்று அதில் தெரியும். அடுத்து விசிறி யார் கையில் என்று பாருங்கள். அடுத்து முனிவரின் பாதம்: தரையில் படிந்திருக்கிறதா, எழத் தொடங்கியிருக்கிறதா? கடைசியில் கொம்பு உள்ள முகமூடியின் கீழ்விளிம்புக்கு வாருங்கள்.

அங்கே ஒரு விரற்கடைத் தாடை தெரிகிறதா என்று தேடுங்கள்.